எடுத்துப்போடு சாரும் ஜீப் ஏறிய மெயிலும்

ஆசிரியர் ஐயாவுக்கும் வாசிக்கிற எல்லோருக்கும் முதலிலேயே ஒரு மன்னிப்பு. என் கையெழுத்து கல் நிலத்துக் கேரட் மாதிரி. நேராக இறங்க வேண்டியது இரண்டு காலாகவும் மூன்று காலாகவும் பிரிந்து போயிருக்கும். எழுத்துப்பிழையும் நிறைய இருக்கும். நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்பதை அஞ்சாம் வகுப்பில்தான் சொல்லித் தருவார்கள் போலிருக்கிறது. அச்சுக்குப் போகும் முன்னால் யாராவது திருத்திவிடுங்கள்.

உலகத்தில் பெயர் வாங்கியவர்கள் எல்லோரும் எதையாவது கட்டி, செய்து, சேர்த்து வைத்துத்தான் பெயர் வாங்கினார்கள். ஒன்றையும் சேர்க்காமல், இருக்கிறதையெல்லாம் எடுத்துப் போட்டே பெயர் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் எடுத்துப்போடு சார்தான். அவருடைய சொந்தப் பெயர் மூணாருக்கு மேலே இருக்கிற எங்கள் வட்டவடையில் யாருக்கும் தெரியாது. கேட்டால், "பேரு எதுக்குங்க? கூப்பிட்டா திரும்பிப் பாக்கறனுங்களே" என்பார். பெயரையும் எடுத்துப் போட்டுவிட்டார் என்று நாங்கள் முடிவு செய்துகொண்டோம்.

பாலக்காட்டுப் பக்கம் கோபாலபுரத்துக்காரர். அங்கே தென்னந்தோப்பும் பெரிய வீடும் உண்டு. கம்ப்யூட்டர் வேலையில் இருந்து ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தவர், வீட்டில் சாமான் அதிகமாக இருக்கிறது என்று சொல்லி மலை ஏறி எங்கள் ஊருக்கு வந்து ஒற்றை அறை வாடகைக்கு எடுத்துத் தங்கிவிட்டார்.

வந்த வாரமே அந்த அறையின் பின்கதவைக் கழற்றிச் சாய்த்து வைத்தார். திறந்து மூடுவது இரண்டு வேலையாம். மறுநாள் ஆடு உள்ளே புகுந்து அவருடைய தலையணையைத் தின்றது. அவர் கோபப்படவில்லை, தலையணையும் அதிகம்தான் என்றார். ஆடு என்னுடையது என்பதால் நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

சட்டைகளில் இருந்த பைகளைப் பிரித்து எடுத்தார். பை இருந்தால்தானே போன் வைக்க வேண்டும் என்று போனையும் எடுத்துப் போட்டார். டீக்கடையில் முதல் மாதம் சர்க்கரை வேண்டாம் என்றார். அடுத்த மாதம் பால் வேண்டாம் என்றார். அதற்கும் அடுத்த மாதம் டீத்தூளை நிறுத்தினார். பிறகு எப்போது பார்த்தாலும் அவர் கையில் கண்ணாடி டம்ளரில் வெறும் சுடுதண்ணிதான். டம்ளரை எடுத்துப் போட்டால் என்ன செய்வது என்று டீக்கடைக்காரர் பயந்துகொண்டே இருந்தார்.

கைக்கடிகாரத்தில் சின்ன முள் மட்டும்தான் இருக்கும். நிமிஷ முள் எங்கே என்று ஒரு முறை கேட்டேன். "இங்க ஜீப்பு மணிக்கணக்குல வருதுங்க. நிமிசத்தை வெச்சுட்டு என்ன பண்றது?" என்றார். பொதுவாகவே எனக்கு யார் கேட்டாலும் பதில் வராது. கூச்சம். போனில் பேசினால்கூட முகம் சிவந்துவிடும்.

அவருடைய வீட்டுக்காரம்மா சாந்தாமணி அக்கா மாதத்துக்கு ஒருமுறை கோபாலபுரத்தில் இருந்து பொள்ளாச்சி, மறையூர், மூணார் என்று பஸ் மாறி மாறி, தேங்காய் மூட்டையோடு வருவார். வந்ததும் அறையைச் சுற்றிப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். ஒரு முறை என்னிடம் சொன்னார்: "என்னையும் எப்ப எடுத்துப்போடுவாரோன்னு இருக்குதுங்க தம்பி. அதான் மாசம் ஒருக்கா வந்து நானும் ஒரு சாமான் இருக்கறேன்னு ஞாபகப்படுத்திட்டுப் போறனுங்க."

இனி என் கதைக்கு வருகிறேன். எங்கள் காய்கறிச் சங்கத்தின் ஷெட்டில் எடை போடுவது என் வேலை. கேரட், முட்டைக்கோஸ், பூண்டு. ஷெட்டின் மூலையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. அதைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகித் தேனிக்குப் போய்விட்டாள். சங்கத் தலைவர் செல்லத்துரை அண்ணன் வந்து ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். அங்கே நானும் தராசும்தான் இருந்தோம். "தராசு பாக்கிறவனுக்கு இதைப் பாக்க எவ்வளவு நேரமாகும்? பாத்துக்கப்பா முருகேசு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முடியாது என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவர் தெருமுனை தாண்டிவிட்டார்.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் சங்கத்தின் உயிர் இருந்தது. கொச்சியில் ஹோட்டல்களுக்குக் காய்கறி கொடுக்கும் ஒரு கம்பெனி எங்களிடம் நேரடியாக வாங்கச் சம்மதித்திருந்தது. ஆனால் அவர்கள் சட்டம் கடுமை. மதியம் மெயிலில் ஆர்டர் வரும். சாயங்காலம் அஞ்சு மணிக்குள் 'சம்மதம்' என்று சங்கத்தின் விலாசத்தில் இருந்து மெயிலில் பதில் போக வேண்டும். போனில் சொன்னால் செல்லாது. ஒரு பருவத்தில் மூன்று முறை பதில் தவறினால் ஒப்பந்தம் முடிந்தது. பிறகு பழையபடி தரகர் வந்து கேரட்டைக் காலால் உருட்டிப் பார்த்து அவர் வாயில் வருகிற விலையைச் சொல்லுவார், நாங்கள் தலையை ஆட்ட வேண்டும்.

அந்தப் பருவத்தில் இரண்டு முறை தவறிவிட்டது.

காரணம் அந்த மெயில் புரோகிராம். ரொம்பப் பழசு. ஆனால் எங்கள் ஊர் இண்டர்நெட் மழைக்கும் பயப்படும், மஞ்சுக்கும் பயப்படும். மூடுபனி கொஞ்சம் விலகி லைன் வருகிற நேரத்தில் மெயிலைப் பிடித்து உள்ளே போட்டுக்கொள்ளும் சாமர்த்தியம் அந்தப் பழசுக்கு மட்டுமே இருந்தது. கஷ்டம் என்னவென்றால் அதில் இருந்த பட்டன்கள். மேலே இரண்டு வரிசை, பக்கத்தில் ஒரு வரிசை, ஒன்றை அமுக்கினால் அதற்குள் இருந்து குட்டி போட்ட மாதிரி இன்னொரு வரிசை. முதல் ஆர்டர் ஏதோ ஒரு பெட்டிக்குள் போய் ஒளிந்துகொண்டது. இரண்டாவதற்கு நான் பதில் எழுதி அனுப்பப் போனேன். உடனே ஒரு கட்டம் வந்து, 'நிச்சயமாகவா?' என்று ஆங்கிலத்தில் கேட்டது. பக்கத்து டியூஷன் டீச்சரிடம் அர்த்தம் கேட்டு வந்தேன். என்னைப் பார்த்து யாராவது நிச்சயமாகவா என்று கேட்டால் எனக்கு எதுவும் நிச்சயமாக இருந்ததில்லை. இல்லை என்பதை அமுக்கிவிட்டேன்.

இந்த நிலைமையில்தான் ஒரு நாள் எடுத்துப்போடு சார் ஷெட்டுக்குக் கேரட் வாங்க வந்தார். தழையை எடுத்துப் போடச் சொன்னார். எடுத்துக்கொண்டிருக்கும்போது அவர் பார்வை கம்ப்யூட்டர் பக்கம் போனது. அப்படியே நின்றுவிட்டார். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவனைச் சந்தையில் பார்த்தது போல முகம் மாறியது.

"ஏனுங்க முருகேசு, இது இன்னும் உசுரோட இருக்குதுங்களா?"

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. இருபது வருஷத்துக்கும் மேலாக அந்தப் புரோகிராமைக் கட்டிக் காத்துவரும் ஆட்களில் அவர் ஒருவர். சம்பளம் கிடையாது. ஆளுக்கொரு தேசத்தில் உட்கார்ந்து சேர்ந்து செய்கிற வேலை. ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, மிச்சம் இருந்தது இவரும் ஜெர்மனிக்காரர் ஒருவரும்தான்.

"அப்ப இது யாரோடது சார்?" என்றேன்.

"ஆருக்கும் சொந்தமில்லீங்க. ஊர்க்கெணறு மாதிரி. ஆரு வேணாலும் தூர் வாரலாம்."

"அப்புறம் எப்படி சார் இத்தனை பட்டன்?"

"ஆரு வேணாலும் கல்லும் போடலாமுங்களே."

நான் எங்கள் சங்கத்தின் கதையைச் சொன்னேன். இரண்டு தவறியதையும், மூன்றாவது தவறினால் என்ன ஆகும் என்பதையும் சொன்னேன். அவர் சுடுதண்ணியைக் கீழே வைத்தார்.

"உங்களுக்கு எதெது பயமா இருக்குதுன்னு மட்டும் காட்டுங்க. அதையெல்லாம் எடுத்துப்போட்டறலாமுங்க."

மறுநாளில் இருந்து சோதனை ஆரம்பமானது. நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும். அவர் என் முதுகுக்குப் பின்னால் முக்காலியில் உட்காருவார். ஒன்றும் சொல்லித்தர மாட்டார். என் விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே "ம்" என்பார். அந்த "ம்" வந்துவிட்டால் அந்தப் பட்டனின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். ராத்திரி அறையில் தன் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து எழுதி, காலையில் புதுசைக் கொண்டுவந்து போட்டுவிடுவார்.

எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். அதனால் வேலை வேகமாக நடந்தது. 'நிச்சயமாகவா' கட்டம் முதல் நாளே போனது. 'எல்லோருக்கும் பதில்' என்ற பட்டனைப் பற்றி விசாரித்தேன். அதை அமுக்கினால் நாம் எழுதியது சம்பந்தப்பட்ட அத்தனை பேருக்கும் போகும் என்றார். என் விரல் பின்வாங்கியது. நான் என் கல்யாணத்திலேயே எல்லோருக்கும் முன்னால் பேசாதவன். "ம்" என்றார். போனது. குப்பைத்தொட்டிப் படம் போனது. காலண்டர் போனது. எழுத்தைச் சாய்க்கிற பட்டன், கோடு போடுகிற பட்டன், வண்ணம் பூசுகிற பட்டன் எல்லாம் போயின. மிச்சம் இருந்ததற்குத் தமிழில் பெயர் வைத்தார், எழுத்தைப் பெரிதாக்கினார். விசைப்பலகையில் தமிழ் எழுத்தை ஒட்டிக் கொடுத்தார். திரை அறுவடை முடிந்த வயல் மாதிரி வெளிச்சமாக இருந்தது.

ஒரு நாள் திரையின் மூலையில் சின்ன நிலா ஒன்று இருப்பதைக் காட்டினேன். வளர்பிறை, தேய்பிறைக்குத் தகுந்தபடி அது மாறிக்கொண்டிருந்தது. சாருக்குக் கோபமே வந்துவிட்டது. "மெயிலுக்கும் நெலாவுக்கும் என்னங்க சம்பந்தம்? இந்தக் கூத்தை வெச்சவன் ஆருங்க?" என்றார். அந்தப் புரோகிராமில் எதை யார் வைத்தது என்று பார்க்க வழி உண்டாம். தேடிப் பார்த்தார். இன்னொரு முறையும் தேடிப் பார்த்தார்.

"யார் சார்?"

"நான்தானுங்க."

கல்யாணமான புதிது. சாந்தாமணி அக்கா பௌர்ணமிக்கு விரதம் இருப்பாராம். அது தெரியாமல் ஒரு பௌர்ணமியன்று இவர் பிரியாணிப் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போய்விட்டாராம். அப்புறம் மறக்கக்கூடாது என்று நிலாவை வைத்திருக்கிறார். உலகம் பூராவும் இந்தப் புரோகிராம் வைத்திருந்தவர்கள் அக்காவின் விரதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். "இருக்கட்டுமே சார்" என்றேன். "சட்டம்னா எல்லாருக்கும் சட்டந்தானுங்க" என்று எடுத்துப் போட்டார். ஆனால் அன்றைக்கு அவர் "ம்" சொல்லவில்லை.

இதற்கிடையில் ஜெர்மனிக்காரர் சண்டைக்கு வந்தார். கடிதங்களை நீளப்படி வரிசைப்படுத்துகிற பட்டனை இவர் எடுத்ததுதான் காரணம். தினம் ஒரு நீளமான மெயில் வரும். சார் எனக்கு வாசித்து அர்த்தம் சொல்லுவார். இது வீடு இடிக்கிற வேலை, நீங்கள் பைத்தியமாகிவிட்டீர்கள், புதுசை உலகத்துக்கு வெளியிட நான் சம்மதிக்க மாட்டேன் என்றெல்லாம் இருந்தது. சார் அசரவில்லை. "அந்தாளுக்கு வர்றது எல்லாமே நான் எழுதற கடுதாசிதானுங்க. அதுல நீளத்தைப் பாத்து என்ன பண்றாரு?" என்றார்.

கடைசியில் ஒரு நாள் திரையில் ஒரே ஒரு பட்டன்தான் மிச்சம். 'அனுப்பு'. சார் பெருமையாக என்னைப் பார்த்தார். இனி பயமில்லைதானே என்றார். எனக்குப் பொய் சொல்ல வராது.

"இன்னும் ஒண்ணு இருக்கு சார்."

"எதுங்க?"

"அனுப்பு."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "அமுக்கிட்டா போனது போனதுதானே சார். திரும்பி வராதுல்ல."

அவர் முக்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். "ஏனுங்க முருகேசு, இங்கிருந்து மூணாருக்கு ஜீப்பு எப்பிடிங்க கெளம்புது? ஆரு சொல்லிக் கெளம்புது?"

"யாரும் சொல்ல வேண்டாம் சார். ஆள் நெறஞ்சா கெளம்பிரும்."

"ஆருமே பட்டன் அமுக்கறதில்லீங்களா?"

"இல்ல சார். நெறஞ்சா போகும்."

அவர் எழுந்து என் தோளைத் தட்டினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. மறுநாள் காலையில் 'அனுப்பு' இல்லை. அந்த இடத்தில் ஒரு சின்ன ஜீப் படம் நின்றது. எட்டு சீட். ஒரு மெயில் எழுதி முடித்தால் ஒரு சீட் நிறையும். எட்டும் நிறைந்தால் ஹாரன் அடித்துவிட்டு வண்டி தானாகக் கிளம்பும். ஒரு பட்டனை எடுத்துவிட்டு ஒரு ஜீப்பை நிறுத்தியிருக்கிறீர்களே, இது எடுப்பதா சேர்ப்பதா என்று டீக்கடைக்காரர் கேட்டதற்கு, "ஒண்ணுக்கு ஒண்ணு, கணக்கு நேருங்க" என்றார். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு நிறைகிற வரைக்கும் காத்திருப்பது நியாயமாகத்தான் படும். ஒற்றை ஆளுக்காக எந்த வண்டி கிளம்பும்?

அன்று சாரின் கடிகாரத்தில் மிச்சமிருந்த ஒற்றை முள்ளும் கழன்றுவிட்டது. அதைச் சரி செய்ய அவர் மூணாருக்குப் போனார். சாந்தாமணி அக்கா காலையில்தான் தேங்காய் மூட்டையோடு வந்து இறங்கியிருந்தார். அறையில் உட்கார இரண்டாவது இடம் இல்லாததால் எங்கள் ஷெட்டுக்கு வந்து மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்.

மதியம் ஆர்டர் வந்தது. பெரிய ஆர்டர். நான் பயமில்லாமல் 'சம்மதம்' என்று எழுதினேன். ஜீப்பில் ஒரு சீட் நிறைந்தது. சந்தோஷமாகப் போய் எடை போட ஆரம்பித்தேன்.

நாலரை மணிக்குச் செல்லத்துரை அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடி வந்தார்.

"ஏப்பா முருகேசு, கம்பெனிக்காரன் போன் பண்ணி இன்னும் அரைமணி நேரந்தான் இருக்குங்கிறான். மெயில் போட்டியா இல்லையா?"

"போட்டுட்டேண்ணே. ஜீப்ல இருக்கு."

"எந்த ஜீப்புல?"

காட்டினேன். அண்ணன் தலைவர் ஆவதற்கு முன்னால் வட்டவடை, மூணார் லைனில் ஜீப் ஓட்டியவர். திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். அனுபவப்பட்ட டிரைவருக்கு ஒரே பார்வை போதும்.

"எட்டு சீட்டு, ஒத்த ஆளு. இது நாளைக்கும் கெளம்பாதுடா."

வாசலில் கேரட் மூட்டைகள் வரிசையாக நின்றன. ஊரே விடியற்காலையில் இருந்து குளிரில் குனிந்து பிடுங்கிக் கழுவிக் கொண்டுவந்தது. மூன்றாவது தவறப்போகிறது. சாருக்குப் போன் செய்யலாம் என்று அக்காவிடம் சொன்னேன். "போன்தான் சட்டைப் பையோட போயிருச்சுங்களே தம்பி" என்றார். சார் அந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. மூணார் ஸ்டாண்டில், ஆள் நிறையாத ஜீப்பில் தனியாக உட்கார்ந்துகொண்டிருந்தாராம்.

செல்லத்துரை அண்ணன் மட்டும் கலங்கவில்லை. "ஸ்டாண்டுல ஆள் சேரலைன்னா என்னடா பண்ணுவோம்? சும்மா ஆளு ஏத்துவோம்ல? ஏத்து" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். காலி ஜீப்பில் யாரும் முதலில் ஏற மாட்டார்கள். அதனால் டிரைவர்கள் தங்கள் கூட்டாளிகளைச் சும்மா ஏற்றி உட்கார வைப்பார்கள். நிறையப்போகிறது என்று நினைத்து மற்றவர்கள் ஓடி வந்து ஏறியதும், சும்மா ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கி டீ குடிக்கப் போய்விடுவார்கள். அண்ணன் இளவயதில் பாதி நாள் அப்படிச் சும்மா உட்கார்ந்தே வாழ்ந்தவர்.

சரி, ஏழு மெயில் எழுத வேண்டும். யாருக்கு எழுதுவது? எங்களுக்கு யாரைத் தெரியும்? கம்பெனிக்கே எழுதிக் குழப்பக்கூடாது. அந்தப் புரோகிராமில் இருந்த மற்ற விலாசம், அதைச் செய்தவர்களுடையது, இரண்டுதான். ஒன்று சார், மற்றொன்று ஜெர்மனிக்காரர்.

ஜெர்மனிக்காரரை அண்ணன் எடுத்துக்கொண்டார். 'ஐயா, வருகிற சித்திரையில் எங்கள் ஊர்க் கோயில் திருவிழா. குடும்பத்தோடு வந்து இருந்து சாப்பிட்டுப் போக வேண்டும்' என்று ஒன்று. 'உங்கள் ஊரில் கறவை மாடு என்ன தீவனம் தின்கிறது' என்று இன்னொன்று. அவருக்குத் தமிழ் தெரியாதே என்றேன். "கூப்பிடுறது தெரியும்ல" என்றார்.

அடுத்து அக்கா உட்கார்ந்தார். வீட்டுக்காரருக்குத்தானே, தடையே இல்லை. ஒற்றை விரலால் தட்டினார். முதல் மெயில்: 'தேங்காய் கொண்டாந்திருக்கேன். வைக்கறதுக்கு இடமில்லை.' இரண்டாவது: 'ஊட்டுக்கு எப்ப வர்றீங்க?' மூன்றாவதற்குத் திரையை மேலும் கீழுமாகப் பார்த்தார். மூலையில் வந்து அவர் கண் நின்றது. "தம்பி, இங்க ஒண்ணு இருக்குமே?" என்றார். சார் எடுத்துப் போட்டதைச் சொன்னேன். முகத்தில் ஒன்றும் காட்டாமல் மூன்றாவதை எழுதினார்: 'என்ர நெலா எங்கீங்க?'

மிச்சம் இரண்டு சீட். அவர்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வாழ்க்கையில் நானாக யாருக்கும் ஒரு கடிதம் எழுதியதில்லை. என்ன எழுதுவது என்று யோசித்து, 'சார்' என்று மட்டும் எழுதினேன். ஒரு சீட் நிறைந்தது. அண்ணன் மணியைப் பார்த்து, "சீக்கிரம் ஏறுடா" என்று என்னையே பயணியாக நினைத்துக் கத்தினார். 'சார், நான் முருகேசு' என்று எழுதி முடித்தேன்.

ஹாரன் அடித்தது. நிஜ ஜீப் ஹாரன். சார் அதை ஸ்டாண்டிலேயே போய்ப் பதிவு செய்து வந்திருந்தார். சத்தம் கேட்டதும் பழக்க தோஷத்தில் அண்ணன் கையை அசைத்து "ரைட்" என்றார். ஜீப் திரையை விட்டு ஓடியது. வெளியே மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. லைன் இருக்குமா, பாதியில் நிற்குமா என்று மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். அஞ்சு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கம்பெனியில் இருந்து பதில் வந்தது. 'கிடைத்தது. லோடு அனுப்பவும்.' அண்ணன் ஒரு கேரட்டை எடுத்துக் கடித்தபடி, எதுவுமே நடக்காதது போல வெளியே போனார்.

சார் இருட்டுகிற நேரத்தில்தான் வந்து சேர்ந்தார். கடிகாரக் கடைக்காரர் நிமிஷ முள்ளையும் இலவசமாகப் போட்டுத் தருவேன் என்று பிடிவாதம் பிடித்ததில் சண்டை வேறு. நடந்ததைச் சொன்னோம். சார் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தனக்கு வந்த அஞ்சு மெயிலையும் வாசித்தார். மறுபடி முதலில் இருந்து வாசித்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பட்டனை எடுத்தா பயம் போயிரும்னு நெனச்சனுங்க முருகேசு. அது பக்கத்துப் பட்டனுக்கு மாறிக்குதுங்க."

மறுநாள் காலையில் 'அனுப்பு' பழைய இடத்துக்கு வந்திருந்தது. எடுத்துப் போட்டதை அவர் திரும்ப வைத்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் முறை. ஜீப்பும் இருந்தது, ஆனால் நிறைய வேண்டியதில்லை. அனுப்பை அமுக்கினால் மெயில் ஏறி உட்காரும். வண்டி கொஞ்ச நேரம் நிற்கும். ஹாரன் அடிக்கிறதற்குள் மனசு மாறினால் கையைக் காட்டி இறக்கிக்கொள்ளலாம். நான் இப்போதெல்லாம் தைரியமாக அனுப்பை அமுக்குகிறேன். அமுக்கிவிட்டு ஒரு தடவை இறக்கிப் பார்த்துவிட்டு மறுபடி ஏற்றுகிறேன். மூலையில் நிலாவும் வந்துவிட்டது. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, அக்காவும் பேசவில்லை. அன்று அக்கா வைத்த தேங்காய்ப்பால் குழம்பில் இருந்து அவர் எதையும் எடுக்கச் சொல்லவில்லை என்று மட்டும் தெரியும்.

ஜெர்மனிக்காரர் பதில் எழுதினார். இருபது வருஷமாக இந்த வேலையில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன், ஒருவர்கூட என்னைச் சாப்பிடக் கூப்பிட்டதில்லை என்று எழுதியிருந்தாராம். புதுசை வெளியிட அவருக்கும் சம்மதம். நீளம் பார்க்கிற பட்டன் மட்டும் அவருடைய கம்ப்யூட்டரில் இருக்கட்டும் என்று இரண்டு பேரும் சமாதானமானார்கள். மாட்டுத் தீவனத்துக்கும் விவரமாக ஒரு பக்கம் பதில் இருந்தது. செல்லத்துரை அண்ணன் சித்திரையில் இரண்டு இலை கூடுதலாகப் போடச் சொல்லியிருக்கிறார்.

பருவம் முடிந்தது. கம்பெனி அடுத்த பருவத்துக்கும் எங்களிடமே வாங்குவதாகச் சொல்லிவிட்டது. அதே வாரம் சார் ஊருக்குக் கிளம்பினார். கழற்றி வைத்த பின்கதவை மாட்டிக் கொடுத்துவிட்டு, கையில் ஒரு பையும் இல்லாமல், அக்காவோடு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். போய்வருகிறேன் என்ற வார்த்தையையும் எடுத்துப் போட்டுவிட்டார். ஹாரன் அடித்தது. நான் கையைக்கூட அசைக்கவில்லை. கூச்சம்.

ஷெட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். கீழ் மூலையில் புதிதாக ஒரு சின்னப் பட்டன். எதையும் எடுக்காமல், அதற்குப் பதிலாக எதையும் குறைக்காமல், அந்த மனிதர் வட்டவடையில் சேர்த்து வைத்த ஒரே சாமான் அதுதான் என்று நினைக்கிறேன். அதில் 'பயமா இருக்கு' என்று எழுதியிருந்தது.

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு அமுக்கினேன். அது ஜீப்புக்கு நிற்கவில்லை, நேராகப் போய்விட்டது. சற்று நேரத்தில் ஷெட்டின் போன் அடித்தது. அந்தப் பட்டன் போய்ச் சேர்ந்தது அக்காவின் போனுக்கு; அதில் இருந்து சார் பேசினார். வண்டி அப்போது மூணாரைக்கூடத் தொட்டிருக்காது.

"என்னுங்க முருகேசு, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல சார்."

"ஆர்டர் வந்துச்சுங்களா?"

"இல்ல சார்."

"பயமாங்க?"

"இல்ல சார்."

"அப்பறம் எதுக்குங்க அமுக்குனீங்க?"

"சும்மா ஆளு சார். ஏத்தினேன்."

அந்தப் பக்கம் ஜீப் ஹாரன் அடித்தது.

"சரிங்க" என்றார். "வாராவாரம் ஏத்துங்க."

ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். இன்றைக்கும் ஏற்றிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஐப்பசி பதினாலு, வெள்ளிக்கிழமை.